மாரியம்மன் கோயில் கோபுரம் எழும் பாப்-அப் தீபாவளி அட்டை: மூடினால் உச்சி வெளியே நீட்டுகிறது, திறந்தால் கோணுகிறது. எங்கே தவறு?

நீங்கள் கொடுத்த அளவிலேயே பாதி பதில் இருக்கிறது: இரண்டாக மடித்த ஏ4 அட்டை, 12 செ.மீ. கோபுரம், வி-மடிப்பின் (கோபுரத்தின் அடியை நடுமடிப்பின்மேல் வி வடிவில் ஒட்டும் முறை) முனை மேல் விளிம்பிலிருந்து 6 செ.மீ. கீழே, கைகள் நடுமடிப்புக்கு 45 பாகை. வி-யின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, மூடும்போது உச்சியும் அந்தப் பக்கமே சாயும். 45 பாகை என்றால் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு போகும். 12-க்கு 8.4, இருக்கும் இடமோ 6. மிச்சம் 2.4 செ.மீ. வெளியே வராமல் என்ன செய்யும்? கோபுரத்தை 10 செ.மீ. ஆக்கி, முனையை 8 செ.மீ. கீழே இறக்குங்கள்.

கோணலுக்குக் காரணம் வேறு. அட்டையை விரித்து வைத்தபடியே இரண்டு ஒட்டுமடலையும் ஒட்டியிருப்பீர்கள். ஒரு பாகை பிசகினாலும் முறுக்கிக்கொள்ளும். இடது மடலை மட்டும் கோட்டில் ஒட்டுங்கள். கோபுரத்தை அந்தப் பக்கத்தின்மேல் தட்டையாக மடித்துப் படுக்க வையுங்கள். மேலே தெரியும் வலது மடலில் பசையிட்டு, அட்டையை மூடி அழுத்துங்கள். வலது மடல் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். மடல் 1 செ.மீ. அகலம் போதும், நடுமடிப்புப் பக்கம் 2 மி.மீ. குறைத்து வெட்டாவிட்டால் அங்கே தாள் திரண்டு அட்டை சரியாக மூடாது.

அடித்தாளுக்கு 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அட்டை, கோபுரத்துக்கு 160 முதல் 200. சிங்கப்பூர் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் வாங்கும்போதே தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது வளைவின் முதுகு எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் நார் ஓடும் திசை. கோபுரத்தின் நடுமடிப்பு அதோடு இணையாக வரட்டும். குறுக்கே மடித்தால் விளிம்பு பிசிறும். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கீறிவிட்டு மடியுங்கள்.

நம்மூர் ஈரக்காற்றில் வெள்ளைப் பசை காய நேரமெடுக்கும், மெல்லிய தாளும் நெளியும். மடலுக்கு இரட்டைப்பக்க டேப்தான் என் தேர்வு. ஒரே குறை, ஒட்டியபின் நகர்த்த முடியாது.

நிலை நிலையாகக் கோபுரம் வேண்டுமா? ஜப்பானியக் கட்டடக் கலைஞர் மசாஹிரோ சதானி 1980-களில் பரப்பிய முறையைப் பாருங்கள்: ஒரே தாள், வெட்டும் மடிப்பும் மட்டும், பசையே கிடையாது. 90 பாகையில் திறப்பது. அங்கே ஒவ்வொரு நிலையிலும் உயரமும் முன்நீட்டமும் சேர்ந்து பக்க அகலத்துக்குள் அடங்க வேண்டும், 14.8 செ.மீ. பக்கத்தில் 9 உயரம், 5 நீட்டம் என்றால் சரி.