மீன் சட்டியில் பால் காய்ச்சுவோமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு வீட்டில் இருந்தபடியே கணக்கு வேலை பார்த்துக் கொடுக்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். ஆபீஸ் மெயில், என் சொந்த மெயில் இரண்டும் ஒரே குரோமில்தான் திறந்து கிடக்கும். போன மாதம் 19-ஆம் தேதி ராத்திரி, மறுநாள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடவேண்டிய அவசரத்தில், மார்த்தாண்டத்துக் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்பவேண்டிய கணக்கு ஷீட்டுக்குப் பதிலாக என் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். அதுவும் என் சொந்த ஐடியிலிருந்து. அவர் நேரே ஆபீசுக்குப் போன் பண்ணிவிட்டார். ‘ஆபீஸ் வேலைக்கென்று தனியாக ஒரு லேப்டாப் வாங்கும்மா’ என்கிறார் சார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், இப்போது அதற்கு வழியில்லை. ஆபீஸ் மெயிலை எல்லாம் என் ஐடிக்கே ஃபார்வர்டு செய்து ஒரே இடத்தில் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். கொழுந்தன் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளைப் போடச் சொல்கிறார். எது சரி?
பெயர் வேண்டாம், திருவட்டாறு.

பதில்: அன்புத் தங்கைக்கு,

அம்மா எப்படி இருக்கிறார்கள்? கடிதம் முழுக்கக் கடைக்காரர், சார், லேப்டாப் என்றே எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் எதற்கு எடுத்தார்கள், இப்போது பரவாயில்லையா என்று ஒரு வரிகூட இல்லை. அம்மாவின் உடம்பைப் பற்றிய கவலையோடு ராத்திரி கண்விழித்து அடுத்தவர் கணக்கை முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த நிலையில் யாருக்கும் கை தவறும். நீங்கள் பொறுப்பில்லாதவர் என்று உங்களையே நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம்.

அந்தக் கடைக்காரரிடம் ரிப்போர்ட்டை அழித்துவிடச் சொன்னீர்களா? சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கே, ஆபீஸ் ஐடியிலிருந்து எழுதுங்கள். ‘போன மாதம் 19-ஆம் தேதி வந்தது என் குடும்பத்தாரின் மருத்துவ ரிப்போர்ட். தவறுதலாக வந்துவிட்டது, தயவுசெய்து டிராஷிலிருந்தும் சேர்த்து அழித்துவிடுங்கள்’ என்ற அளவு போதும். காரணம் விளக்கி நீட்ட வேண்டாம். அது உங்கள் அம்மாவின் உடம்பு விஷயம். அழிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி லேப்டாப்புக்கு வருவோம். வாங்க வேண்டாம். நம் பக்கத்து அடுக்களைகளில் அடுப்பு ஒன்றுதான். ஆனால் மீன் குழம்புக்கென்று ஒரு மண்சட்டி தனியாக இருக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அதில் யாரும் பால் காய்ச்ச மாட்டோம். அதற்காக இரண்டாவது அடுப்பு வாங்குகிறோமா? உங்கள் வீட்டில் அடுப்பு சரியாகவே இருக்கிறது. சட்டிதான் ஒன்றாகிவிட்டது.

அன்றைக்கு நடந்தது இரண்டு தவறு. அதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஐடி மாறிப்போனது குரோமால். ஒரே குரோமில் இரண்டு ஜிமெயிலைத் திறந்தால், முதலில் லாகின் ஆனதற்கு 0, அடுத்ததற்கு 1 என்று அது எண் கொடுத்துவிடும். மேலே முகவரிப் பட்டையை உற்றுப் பார்த்தால் அந்த எண் தெரியும். முதலில் வந்ததுதான் அதற்கு வீட்டுக்காரர் மாதிரி. வேறு எங்கிருந்தாவது ஒரு லிங்கை அழுத்தினாலும், புதிதாக ஜிமெயில் என்று அடித்துத் திறந்தாலும், அந்த 0 ஐடிதான் முன்னால் வந்து நிற்கும். உங்களுக்கு அது சொந்த ஐடி. இரண்டு இன்பாக்ஸும் பார்க்க ஒரே மாதிரி, ஒரே வெள்ளை. மூலையில் இருக்கும் சின்ன வட்டம் ஒன்றுதான் வித்தியாசம். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த வட்டத்தை யார் பார்ப்பார்கள்?

இதற்கு வழி குரோமின் ப்ரொஃபைல், அதாவது ஒரே குரோமுக்குள் தனித்தனி அறை மாதிரி. வலது மேல் மூலையில் உங்கள் படமோ பெயரின் முதல் எழுத்தோ இருக்கும் வட்டத்தை அழுத்துங்கள். கீழே புது ப்ரொஃபைல் சேர்க்க வழி இருக்கும். ஆபீஸ் ஐடி கூகுளுடையது என்றால் அதிலேயே சைன் இன் செய்யலாம். வேறு மெயில் என்றால் அக்கவுண்ட் இல்லாமல் தொடர்வதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் ‘ஆபீஸ்’ என்று வையுங்கள். நிறம் கேட்கும்போது கண்ணில் குத்துகிற நிறமாகக் கொடுங்கள். நான் ஆபீசுக்குச் செக்கச் சிவப்பு வைத்திருக்கிறேன், வீட்டுக்கு இளம்பச்சை. அதன் பிறகு பழைய ப்ரொஃபைலுக்குப் போய் ஆபீஸ் ஐடியை அங்கிருந்து லாக் அவுட் செய்து எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மேலே சொன்னதில் பாதிப் பலன்கூட இல்லை. பலர் புது ப்ரொஃபைல் போட்டுவிட்டுப் பழையதில் இரண்டையும் அப்படியே விட்டுவைக்கிறார்கள்.

இப்போது சிவப்பு ஜன்னலில் உங்கள் சொந்த மெயில் கிடையவே கிடையாது. புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டு எல்லாம் தனித்தனி. இதில் பாஸ்வேர்டுதான் எனக்குப் பெரிய கவலை. இதுவரை கடைக்காரர்களின் ஜிஎஸ்டி லாகினை அடிக்கும்போதெல்லாம் ‘சேமிக்கவா’ என்று குரோம் கேட்டிருக்கும், நீங்களும் சரி என்று அழுத்தியிருப்பீர்கள். அவை உங்கள் சொந்த கூகுள் அக்கவுண்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். அதே அக்கவுண்ட் உங்கள் போனில் இருந்தால் அங்கேயும் வரும். மகளின் போனிலும் அதே ஐடி போட்டிருந்தால் அங்கேயும்தான். குரோம் செட்டிங்ஸில் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, ஆபீஸ் சம்பந்தப்பட்டது ஒவ்வொன்றையும் எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தேவைப்பட்டால் அந்த பாஸ்வேர்டுகளை அவர்கள் மாற்றிக்கொள்வார்கள்.

ப்ரொஃபைல் என்றாலே குழப்பம் என்று தோன்றினால் இன்னும் சுலபமான வழி உண்டு. வீட்டுக்கு குரோம், ஆபீசுக்கு ஃபயர்பாக்ஸ். இரண்டும் இலவசம், ஐகானே வேறு. அறுபது வயதில் சர்ச் கணக்கு எழுதும் என் சித்தப்பா இப்படித்தான் வைத்திருக்கிறார். இதுவரை ஒரு மெயில் மாறவில்லை.

அடுத்த தவறு, ஃபைல் மாறியது. இதற்குக் குரோமைக் குறை சொல்ல முடியாது. உங்கள் டவுன்லோட்ஸ் போல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். ‘டாக்குமென்ட்’, ‘டாக்குமென்ட் 1’, ‘ஸ்கேன் 0004’ என்று வரிசையாகக் கிடக்கும். லேபிலிருந்து வந்ததும் ஸ்கேன், கடைக்காரரின் பில்லை போனில் பிடித்து அனுப்பினால் அதுவும் ஸ்கேன். அட்டாச் செய்ய அழுத்தினால் புதிதாக வந்தது மேலே நிற்கும். அன்று சாயங்காலம் அம்மாவின் ரிப்போர்ட்டை இறக்கியிருப்பீர்கள், அது மேலே நின்றிருக்கும். இரண்டு மெயிலைப் பிரித்தாலும் இரண்டு வீட்டுக் குப்பையும் ஒரே முற்றத்தில் கொட்டினால் இதே கதை திரும்ப நடக்கும்.

குரோமில் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் டவுன்லோட் ஆகும் இடத்தைத் தனியாகக் கொடுக்கலாம். செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், சிவப்பு ப்ரொஃபைலுக்கு ‘ஆபீஸ் வரவு’ என்று ஒரு போல்டர் உண்டாக்கிக் காட்டிவிடுங்கள். பக்கத்திலேயே, ஒவ்வொரு ஃபைலையும் எங்கே வைக்க என்று கேட்கச் சொல்லும் ஒரு பொத்தான் இருக்கும். அதையும் போட்டுவிடுங்கள். கேட்கும்போதே பெயரை மாற்றிவிடலாம்: கடையின் பெயர், மாதம், என்ன காகிதம். வீட்டுக் காகிதத்துக்கு ‘அம்மா ஸ்கேன்’ என்று தமிழிலேயே பெயர் வையுங்கள், கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். ஆபீஸ் ஃபைல் எல்லாம் ஆங்கிலத்தில், வீட்டு ஃபைல் எல்லாம் தமிழில் என்று இருந்தால் தூக்கக் கண்ணுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

மகளும் அதே கம்ப்யூட்டரில்தான் படிக்கிறாள் இல்லையா? குரோம் ப்ரொஃபைலுக்குப் பூட்டு கிடையாது. வட்டத்தை அழுத்தினால் யாரும் சிவப்பு ஜன்னலுக்குள் போய்விடலாம். அதனால் விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் மகளுக்கென்று ஒரு யூசர் உண்டாக்கிக் கொடுங்கள். அட்மின் உரிமை வேண்டாம், சாதாரண யூசர் போதும். உங்கள் யூசருக்கு ஒரு பின் நம்பர் போடுங்கள். அடுப்பில் சோறு பொங்குகிறது என்று எழுந்து ஓடும்போது விண்டோஸ் கீயையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். மகள்மேல் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. அவளுடைய தோழிகள் வருவார்கள், கேம் ஒன்று இறக்குவார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது ஊரார் பான் நம்பரும் பேங்க் ஸ்டேட்மென்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. அடுத்தவர் விவரத்தைக் கையில் வைத்திருக்கிறவர் அதைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

ஆபீஸ் மெயிலை உங்கள் ஐடிக்கு ஃபார்வர்டு செய்வதா? கூடவே கூடாது. ஒரே இடத்தில் பார்ப்பது சௌகரியம்தான். ஆனால் வந்ததற்குப் பதில் போட்டால் அது உங்கள் சொந்த ஐடியிலிருந்தே போகும். எந்தத் தவறால் தலைகுனிந்தீர்களோ அதையே தினசரி வழக்கமாக்குவது போல் ஆகும். ஆபீஸ் காகிதங்களின் நகல் உங்கள் ஐடியில் வருஷக்கணக்கில் தங்கும். நாளைக்கு உங்கள் ஐடியை யாராவது திருடினால், கடைக்காரர்களுக்கும் சாருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

இதற்கு நேர் எதிரான தவறை நான் செய்தேன். முன்பு ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, நாள் முழுக்கத் திறந்திருப்பது அதுதானே என்று எல்லாவற்றுக்கும் ஆபீஸ் ஐடியையே கொடுத்தேன். பேங்க், இன்சூரன்ஸ், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம், எல்லாம் அதில்தான். வேலையை விட்ட அன்று சாயங்காலமே ஐடியை மூடிவிட்டார்கள். ஐடி அவர்களுடையது, மூட அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லூரியிலிருந்து வரவேண்டிய தகவல் அந்தச் செத்துப்போன ஐடிக்குப் போய்க்கொண்டே இருந்தது. பேங்கில் ஐடி மாற்ற ஃபாரமும் ஆதார் நகலுமாக நாலு நடை நடந்தேன். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஆகவே சிவப்பு ஜன்னலில் உங்கள் சொந்தக் காரியம் ஒன்றுகூட வேண்டாம், கரண்ட் பில் உட்பட. ஆபீஸ் கூகுள் அக்கவுண்டில் சைன் இன் செய்த ப்ரொஃபைலை நிர்வகிக்கும் அதிகாரம் ஆபீசுக்கு இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கொழுந்தன் சொன்ன தண்டர்பேர்டு நல்ல மென்பொருள். இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது, காசு கிடையாது. நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். திருவட்டாறு, குலசேகரம் பக்கம் காற்றடித்து ரப்பர் கிளை கம்பியில் விழுந்தால் நெட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தண்டர்பேர்டில் இறங்கிய மெயில் நெட் இல்லாவிட்டாலும் படிக்கக் கிடைக்கும். அதற்காகப் போடுவதானால் ஆபீஸ் ஐடியை மட்டும் போடுங்கள், ஐமேப் முறையில் (மெயில் சர்வரிலும் அப்படியே இருக்கும் முறை). இரண்டு ஐடியையும் அதில் சேர்த்தால் பழைய குரோம் கதைதான்.

இரண்டு ஜிமெயிலிலும் ஒரு வேலை பாக்கி. செட்டிங்ஸில் ‘அன்டு சென்ட்’ என்று ஒன்று இருக்கும். அனுப்பிய மெயிலைத் திரும்பப் பிடிக்க முதலில் 5 விநாடிதான் கொடுத்திருப்பார்கள். அதை 30 ஆக்குங்கள். அனுப்பிவிட்டு அந்த அரை நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். தவறு புரிவது பெரும்பாலும் அனுப்பு பொத்தானை அழுத்திய மறு மூச்சில்தான். மெயில் எழுதும்போது பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுவதும் நல்ல பழக்கம். முதலில் அட்டாச், அதைத் திறந்து ஒருமுறை பார்ப்பது, பிறகு விஷயம், எல்லாம் முடிந்தபின் முகவரி. முகவரி இல்லாத மெயில் எங்கும் போகாது.

போனில் இரண்டு ஐடியும் இருந்தால் எல்லா இன்பாக்ஸையும் சேர்த்துக் காட்டும் வசதியைத் திறக்காதீர்கள். ராத்திரி ஆபீஸ் ஐடிக்கு மணியடிப்பதையும் நிறுத்திவிடுங்கள். மண்டைக்காடு அம்மன் கோவில் கொடை அன்று நம் மாவட்டத்துக்கு விடுமுறை, சென்னையில் இருக்கிற கம்பெனிக்கு அது தெரியாது, மெயில் வந்துகொண்டுதான் இருக்கும். மறுநாள் சிவப்பு ஜன்னலைத் திறக்கும்போது பார்த்தால் போதும்.

சாரிடம் போய், ‘லேப்டாப் வாங்கவில்லை சார், இப்படிப் பிரித்துவிட்டேன்’ என்று இந்தக் கம்ப்யூட்டரிலேயே காட்டுங்கள். அடுத்த ரிட்டர்னுக்கு முன்பே செய்துவிட்டால் அவசரத்தில் பழக வேண்டியிருக்காது. ப்ரொஃபைல் போட அரை மணி நேரம் ஆகாது. டவுன்லோட்ஸில் இதுவரை சேர்ந்து கிடப்பதைப் பிரிக்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க வேண்டும். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் ரிப்போர்ட்டுகளை முதலில் எடுத்துத் தேதி போட்டு அடுக்குங்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதுதான் தேவைப்படும். ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.