மலையின் வயது, பாறையின் வயது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். காங்கேயம் பக்கம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு எவ்வளவு வயது என்று பிள்ளைகள் கேட்டார்கள். இணையத்தில் ஓரிடத்தில் 15 கோடி ஆண்டு என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 250 கோடி என்று இருக்கிறது. எதைச் சொல்லிக்கொடுப்பது? பாலக்காட்டுக் கணவாயை ஆறுதான் அறுத்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள், அது சரிதானுங்களா? பிள்ளைகளை ஒரு நாள் வேனில் கூட்டிப்போய்க் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்க வைக்க ஆசை. எங்கே போகலாம், எதைக் காட்டலாம் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் படித்த இரண்டு எண்ணும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். பாறை எப்போது உருவானது என்பது ஒரு கேள்வி. அந்தப் பாறை எப்போது மலையாக நின்றது என்பது இன்னொரு கேள்வி. குழப்பம் முழுவதும் இவற்றைக் கலந்து பேசுவதால் வருவது.

வகுப்பில் இதைப் புரியவைக்க ஒரு வரைபடம் போதும். தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் குமரிவரை சுமார் 1600 கி.மீ. நீளும் தொடர் இது. மகாராஷ்டிரத்தில் அது எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பசால்ட் பாறை. வயது சுமார் 6.6 கோடி ஆண்டு. கோவாவைத் தாண்டித் தெற்கே வர வர பசால்ட் முடிந்து, பூமியின் ஆழத்தில் வெந்து உருவான பாறைகள் வந்துவிடுகின்றன: வரிவரியான நைஸ், கரும்பச்சையான சார்னோக்கைட். நீலகிரியின் சார்னோக்கைட்டுக்கு வயது சுமார் 250 கோடி. பாறையின் வயதில் கிட்டத்தட்ட 40 மடங்கு வித்தியாசம்; ஆனால் மலையின் மேற்கு விளிம்பு கடற்கரைக்கு இணையாக ஒரே கோடாக ஓடுகிறது. 6.6 கோடி ஆண்டுப் பாறையை அறுத்துக்கொண்டு நிற்கும் சரிவு அந்தப் பாறையைவிட மூத்ததாக இருக்க வழியில்லை.

இமயம் இரண்டு நிலத்தட்டுகள் மோதி மடிந்து எழுந்தது. நம் தொடர் உடைந்துபோன கண்டத்தின் விளிம்பு. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்தபோது இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியே பிரிந்தன. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் மடகாஸ்கர் தனியே போனது. இந்தியாவுக்கு மேற்குக் கடற்கரை கிடைத்ததே அப்போதுதான். 15 கோடி என்ற எண் கோண்டுவானா உடைந்துகொண்டிருந்த காலத்தைக் குறிக்கிறது. அப்போது மலைக்கு மேற்கே கடலே இல்லை. ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: நம் பக்கத்துப் பாறை 250 கோடி ஆண்டுப் பழையது, மலைச்சரிவு மடகாஸ்கர் பிரிந்தபின் உருவெடுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, இமயத்தின் மோதல் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

250 கோடி என்பது மலைக்கு மட்டும் உரிய வயதும் அல்ல. கொங்குச் சமவெளியின் தரையிலும் பல இடங்களில் அதே காலத்துப் பாறைதான் கிடக்கிறது. அப்படி ஓர் இடமான நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வெளிர் அனார்த்தசைட் கல்லை அரைத்துத்தான் இஸ்ரோ சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண் போன்ற மண்ணைத் தயாரித்தது. சார்னோக்கைட் போன்ற பாறைகள் உருவானது பூமிக்குள் 20 முதல் 30 கி.மீ. ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில். தொட்டபெட்டாவின் 2637 மீட்டர் உச்சியில் இன்று அது வெயில் காய்கிறது என்றால், மேலே இருந்த அத்தனை கி.மீ. பாறையும் தேய்ந்து போயிருக்கிறது. இந்த ஒரு செய்தி பிள்ளைகள் மனதில் நின்றால்கூடப் போதும் என்பேன்.

இனிக் கணவாய். ஆறு அறுத்தது என்ற விளக்கம் நிற்காது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே 30 முதல் 40 கி.மீ. அகலத் திறப்பு. கணவாய் வழியே மேற்கே போவது பாரதப்புழை. அவ்வளவு அகலத்தை வாரிக்கொண்டு போகும் ஆறு அல்ல அது. ஆறு இங்கே துப்புரவு வேலை செய்திருக்கிறது, உடைத்தது வேறு. பாலக்காட்டில் தொடங்கிக் கோவை, கரூர் என்று காவிரியை ஒட்டிக் கிழக்கே போகும் ஒரு நொறுங்கல் பட்டை உண்டு. இரண்டு பக்க நிலமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்ததில் பாறை அரைபட்டு, இழைஇழையாகி, பலவீனமான பட்டை. மழையும் வெயிலும் அதைச் சீக்கிரம் தின்றன. இருபுறமும் இறுகிய பாறை நின்றுவிட்டது. பாலக்காட்டில் தரை 100 மீட்டருக்கும் கீழே, கோவையில் 400 மீட்டர் அளவில்.

பட்டைக்கு வடக்கே உள்ள நிலம் 250 கோடி ஆண்டுக் காலத்தில் வெந்து இறுகியது. தெற்கே ஆனைமலைப் பக்கம் கடைசியாக வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா ஒன்றுசேர்ந்தபோது. நடுவே இருந்த கடல் மூடிக்கொண்ட தழும்புதான் இந்தப் பட்டை என்று நிலவியலாளர் பலர் கருதுகிறார்கள். மதுக்கரையிலும் வாளையாறிலும் உள்ள, சிமெண்டுக்கு உதவும் சுண்ணாம்புப் பாறை இந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது.

நீலகிரி ஏன் எல்லாப் பக்கமும் செங்குத்தாக நிற்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. வடக்கே மோயாறு ஓடும் கோடும், தெற்கே பவானி ஓடும் கோடும் இதேபோல நொறுங்கல் கோடுகள்; நடுவில் மாட்டிய கெட்டிக் கட்டி நீலகிரி. பவானி நீலகிரியில் பிறந்து தென்மேற்கே கேரளத்துக்குள் இறங்கி, முக்காலி என்ற ஊரில் சட்டென்று வடகிழக்கே திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தை வரைபடத்தில் பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்.

சரி, வேன் பயணம். முதலில் உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் சிவன்மலை. அதன் பாறை நீலகிரிப் பாறையும் அல்ல, பசால்ட்டும் அல்ல. சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பாக உள்ளே நுழைந்து உறைந்த சையனைட் (syenite) என்ற பாறை. வெளிர் நிறம், நெஃபிலின் என்ற கனிமம் சீக்கிரம் கரைவதால் வெயில்பட்ட முகத்தில் சிறு குழிகள் தெரியும். கோயில் மலையில் சுத்தியல் எடுக்காதீர்கள். சுற்றுவட்டத் தோட்டங்களில் கிணறு வெட்டிக் கொட்டிய கல்மேடு இருக்கும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு அங்கே பாருங்கள். ஆழத்திலிருந்து வந்த புதுக்கல் அதைவிட நன்றாக வேறெங்கும் கிடைக்காது. சாம்பல் நிறத்தில், நடு பருத்து, கைக்குக் கனமாக ஒரு துண்டு கிடைத்தால் குருந்தம் என்ற மிகக் கடினமான கனிமமாக இருக்கலாம். அதன் முனையால் வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) கீறுங்கள். கோடு விழுந்ததும் முடிவு கட்டிவிடாதீர்கள். மெத்தென்ற கல்லும் தன் பொடியால் கோடு போடும். ஈரவிரலால் துடைத்த பிறகும் பள்ளம் நின்றால்தான் குருந்தம்.

அடுத்தது மதுக்கரை. சுண்ணாம்புக்கல் துண்டை ஆணியால் சுரண்டிப் பொடியாக்கி, பொடிமேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். லென்ஸ் வைத்தால் குமிழி தெரியும். பொடியாக்காமல் விட்டால் பலவீனமான அமிலத்துக்குப் பல கற்கள் அசையாது. இங்கே எல்லோரும் ஏமாறும் இடம் சுக்கான்கல். கொங்குத் தோட்டமெங்கும் கிடக்கும் அதுவும் நுரைக்கும்; ஆனால் அது மண்ணுக்குள் நீர் வற்றியதில் படிந்த புதுச் சுண்ணாம்பு. எந்தப் பாறையின் மேலும் வெள்ளைத் தோலாக ஒட்டியிருக்கும். அதனால் கல்லை உடைத்து உள்முகத்தில் சோதியுங்கள். மதுக்கரைக் கல்லின் உள்முகம் கற்கண்டை உடைத்ததுபோல் மணிமணியாக மின்னும். சுக்கான்கல் மங்கலாக இருக்கும்.

சார்னோக்கைட்டுக்கு மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு பக்கம் போகலாம். அதே நாளில் முடியவில்லை என்றால் புளூமெட்டல் ஜல்லிக் குவியலே போதும். எந்தக் குவாரிக் கல் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மேல்தோல் பழுப்பாக இருந்தால் நம்பாதீர்கள். உடைத்த முகம் பச்சை கலந்த கருமையாக, எண்ணெய் தடவியதுபோல் இருக்க வேண்டும். சில துண்டுகளில் கார்னெட் என்ற கனிமம் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். ஒரே சீராகக் கறுத்து, மணிகள் கண்ணுக்குத் தெரியாத கல் டோலரைட்டாக இருக்கலாம். அது பாறை வெடிப்பில் பிற்காலத்தில் ஏறி உறைந்தது.

நேரமிருந்தால் திசைகாட்டியால் நைஸ் பாறையின் வரி எந்தத் திசையில் ஓடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். உருண்டு கிடக்கும் கல்லில் அளப்பது வீண். வேரோடு நிற்கும் பாறையில் பத்து இடம் அளந்து, அதிகம் வரும் திசையைக் குறியுங்கள். கணவாய்ப் பட்டையில் பெரும்பாலும் கிழக்கு மேற்காக வரும். சுத்தியலும் வேனும் ஊசியைத் திருப்பிவிடும். பத்தடி தள்ளி நில்லுங்கள். கைபேசித் திசைகாட்டிக்கும் இதே கதிதான்.

கல் உடைக்கும்போது கண்ணாடி கட்டாயம். சில்லு நேரே கண்ணுக்குத்தான் தெறிக்கும். காப்புக்காட்டில் கல் எடுக்க அனுமதி கிடையாது. தண்ணீர் நிற்கும் பழைய பாறைக்குழிகளின் ஓரத்துக்குப் பிள்ளைகளை விடவே விடாதீர்கள். கரை செங்குத்து, ஏறிவரப் படி இருக்காது.

அன்புடன்.