எஸ் பாஸில் வந்தவருக்குப் பல்வலி: பாலிகிளினிக் மலிவா, தனியார் கிளினிக் மலிவா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: சிங்கப்பூர் வந்து நான்கு மாதம், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி, கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வாரமாக வலி. ஈசூனில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ரூட் கேனாலுக்கு, அதாவது பல்லின் வேர்ச் சிகிச்சைக்கு, 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொல்லிவிட்டார்கள். அரசு பாலிகிளினிக் (பலதுறை மருந்தகம்) போனால் பாதியில் முடியுமா, இல்லை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா என்கிறீர்கள்.

பாலிகிளினிக்கில் பாதியில் முடியாது. ஊரில் அரசு ஆஸ்பத்திரி என்றால் யார் போனாலும் சீட்டு வாங்கி உட்காரலாம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே போனால் பில் வரும்போது அதிர்ச்சிதான். இங்கே மானியம் ஆளைப் பார்த்து வருகிறது. குடிமகனுக்கு ஒரு விலை, நிரந்தரவாசிக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை, உங்களைப் போல வேலை அனுமதியில் இருப்பவருக்கு மானியமே இல்லாத முழு விலை. ஒரே நாற்காலி, ஒரே மருத்துவர், ஒரே சிகிச்சை, மூன்று பில். ஆகவே "அரசா தனியாரா" என்பதற்கு முன்னால் "நான் எந்த அட்டை வைத்திருக்கிறேன்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளினிக் வாசலில் சாஸ் என்ற மானியத் திட்டத்தின் ஒட்டுவில்லை பார்த்திருப்பீர்கள். சுகாதார அமைச்சின் அந்தத் திட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான், நிரந்தரவாசிக்கே கிடையாது. அந்த ஒட்டுவில்லை இருக்கும் கிளினிக் உங்களுக்கு மலிவாகப் பார்க்கும் என்று பொருள் இல்லை. உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் "நான் ஸ்கேலிங்குக்கு (பல் சுத்தம்) கொஞ்சம்தான் கொடுத்தேன்" என்று சொன்னால், அது அவருடைய அட்டை பேசுகிற விலை. அதை வைத்துக் கிளினிக் உங்களை ஏமாற்றுகிறது என்று நினைக்க வேண்டாம்.

பலதுறை மருந்தகத்தில் இன்னொரு சிக்கல், காத்திருப்பு. எல்லா பலதுறை மருந்தகத்திலும் பல் பிரிவு இல்லை. இருக்கும் இடத்திலும் அவசரமில்லாத வேலைக்கு மாதக்கணக்கில் தள்ளி நாள் கொடுப்பார்கள். கடும் வலி என்று காலையில் நேரே போனால் அன்றைக்கே பார்க்க வாய்ப்புண்டு. ஆனால் அன்று செய்வது வலியைத் தணிப்பதுதான்: பல்லைத் திறந்து மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள், அல்லது பிடுங்குவார்கள். கடைவாய்ப் பல்லின் ரூட் கேனால் போன்ற சிக்கலான வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்து மேலே அனுப்புவார்கள். மேலே என்றால் ஊட்ரமில் சிங்கப்பூர் பொது மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் தேசிய பல் மருத்துவ நிலையம், அல்லது கெண்ட் ரிட்ஜில் தேசிய பல்கலைக்கழகத்தின் வாய்நல நிலையம். அங்கேயும் உங்களுக்கு மானியமில்லாக் கட்டணம்தான். அது நிபுணர் கட்டணம் என்பதால் வட்டாரக் கிளினிக்கைவிடக் கூடுதலாகவே வரலாம். அங்கே போகக் காரணம் விலையாக இருக்கக் கூடாது. வேர் வளைந்திருக்கிறது, பழைய ரூட் கேனால் கெட்டுப்போயிற்று, தாடை எலும்பில் கட்டி இருக்கிறது என்று வட்டார மருத்துவரே அனுப்பினால் போங்கள், அந்தக் காசு வீணாகாது.

இப்போது உங்கள் 1,200 வெள்ளிக்கு வருகிறேன். கடைவாய்ப் பல் ரூட் கேனாலுக்குத் தனியார்ப் பக்கம் ஏறக்குறைய 900 முதல் 1,800 வரை கேட்பார்கள். முன்பல்லுக்கு ஒரே வேர் என்பதால் 500 முதல் 900. கடைவாய்ப் பல்லில் மூன்று நான்கு கால்வாய்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தேடி, அளந்து, சுத்தம் செய்து அடைக்க வேண்டும், விலை ஏறுவது அதனால்தான். ஆக 1,200 அநியாய விலை இல்லை. ஆனால் அது முழு விலையும் இல்லை. ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல்லின் நடுப்பகுதி குடைந்து எடுக்கப்பட்டிருக்கும், மிச்சமிருக்கும் சுவர்கள் மெலிந்திருக்கும். அதன் மேல் கிரௌன், நம் ஊர்ச் சொல்லில் கேப், போடாமல் விட்டால் முறுக்கோ பட்டாணியோ கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளக்கும். வேர் வரை பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை, கொடுத்த காசும் போச்சு. "ரூட் கேனால் எவ்வளவு" என்று கேட்டவருக்கு ரூட் கேனால் விலைதான் சொல்வார்கள். அதனால்தான் பாதிப் பேருக்கு இரண்டாவது பில் இடியாக இறங்குகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆலோசனையும் சின்ன எக்ஸ்ரேக்களும் 80, ரூட் கேனால் 1,200, குடைந்த இடத்தை நிரப்பி அடித்தளம் கட்ட 150, கிரௌன் 1,100. கூட்டினால் 2,530. கிளினிக் ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால் 9 விழுக்காடு, அதாவது 227 வெள்ளி 70 காசு. மொத்தம் 2,757 வெள்ளி 70 காசு. நீங்கள் மனதில் வைத்திருக்கும் தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இந்த வரி விஷயத்தையும் கவனியுங்கள்: ஆண்டு வருமானம் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிய வணிகம் கட்டாயம் பதிய வேண்டும், சின்னக் கிளினிக் பல பதியாமல் இருக்கும். ஒரே 1,200 வெள்ளி ஓர் இடத்தில் 1,200 ஆகவும் இன்னோர் இடத்தில் 1,308 ஆகவும் முடியும். "இது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, இங்கே எல்லாரும் கேட்கிறார்கள்.

நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். அதில் எத்தனை முறை வர வேண்டும், எக்ஸ்ரே சேர்ந்ததா, கிரௌன் என்ன பொருள், கழன்றால் எத்தனை மாதத்துக்குள் இலவசமாக ஒட்டித் தருவார்கள் என்பது இருக்கட்டும். இன்னொரு கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: "பல்லைத் திறந்த பிறகு உள்ளே விரிசல் தெரிந்து, காப்பாற்ற முடியாது என்றால் எவ்வளவு வாங்குவீர்கள்?" திறந்து பார்த்ததற்கு ஒரு தொகை, பிடுங்க ஒரு தொகை என்று முன்கூட்டியே பேசிவிட்டால் பாதியில் நிற்கும்போது சண்டை வராது. காசையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். முதல் வருகைக்கு ஒரு பகுதி, வேர் அடைத்ததும் மீதி, கிரௌனுக்கு அளவெடுக்கும்போது தனி.

இவ்வளவுக்கும் முன்னால் நீங்கள் தட்ட வேண்டிய கதவு உங்கள் கம்பெனி எச்ஆர். எஸ் பாஸுக்கு முதலாளி கட்டாயமாக எடுக்கும் மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்று 2023 ஜூலையிலிருந்து விதி. அந்தத் தொகையைக் கேள்விப்பட்டுப் பல்லும் அதில் அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கட்டாயம் மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும் தான். பல்லுக்கு எதுவும் வருகிறதென்றால் அது கம்பெனி தானாகக் கொடுக்கும் சலுகை. பல கம்பெனிகளில் ஆண்டுக்குச் சில நூறு வெள்ளி என்று ஓர் உச்சவரம்பு இருக்கும். நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்: சோதனைக் காலத்தில் கிடைக்குமா, பேனல் கிளினிக்குக்குத்தான் (கம்பெனி ஏற்பாடு செய்த கிளினிக்) போக வேண்டுமா, நீங்களே கட்டி ரசீது கொடுத்து வாங்க வேண்டுமா, கிரௌன் விலக்கப்பட்டிருக்கிறதா. பேனல் என்றால் வேறு கிளினிக் ரசீது செல்லாது, முதலில் கட்டிவிட்டுப் பிறகு புலம்பிப் பயனில்லை. சலுகை ஜனவரியில் புதுப்பிக்கப்படுமானால், வேர்ச் சிகிச்சையை டிசம்பரிலும் கிரௌனை ஜனவரியிலும் செய்துகொண்டால் இரண்டு ஆண்டின் வரம்பும் நேர்மையாகவே கிடைக்கும். ஆனால் ரசீதில் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள். அது பொய்க் கணக்கு, பாஸே போகக்கூடிய வேலை.

கட்டுமானம், கப்பல் பட்டறை என்று ஒர்க் பர்மிட்டில் இருக்கும் நண்பர்கள் உங்கள் அறையிலேயே இருக்கலாம். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: கேலாங்கில் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்கென்றே பல் மருத்துவமும் பார்க்கிறது. தொண்டூழிய மருத்துவர்கள் பார்ப்பதால் நாளும் நேரமும் முன்பே உறுதி செய்துகொண்டு போக வேண்டும்.

ஊருக்குப் போவதைப் பற்றி. அங்கே சிகிச்சை விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் வலி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசி உடனே அடங்கினால் நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. 100, 200 வெள்ளியில் அடைத்துவிடலாம், ஊர்ப் பயணம் வரை தள்ளினால் அதுவே ரூட் கேனால் ஆகலாம். சூடாகக் குடித்தால் வலி பல நிமிடம் நிற்கிறது, இரவில் படுத்தால் தெறிக்கிறது என்றால் நரம்பு கெட்டுவிட்டது. இதில் காத்திருந்து மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. திடீரென்று ஒரு நாள் வலி தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று மகிழாதீர்கள். நரம்பு செத்துவிட்டது, சீழ் அடியில் சேரத் தொடங்கும். முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்க முடியவில்லை, விழுங்கச் சிரமம் என்றால் விலை பார்க்காமல் பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வெறும் பல்வலிக்கு அங்கே போனால் நூறு வெள்ளிக்கு மேல் கட்டி வலி மாத்திரையோடு திரும்புவீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாடிக் வீக்கத்தைக் கொஞ்ச நாள் அமுக்கும், பல்லுக்குள் செத்துக் கிடக்கும் நரம்பை அது தொடாது.

என் கருத்து, வேர்ச் சிகிச்சையை இங்கேயே முடியுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் விடுப்பில் திருச்சியோ சென்னையோ போவது உறுதி என்றால் கிரௌனை மட்டும் அங்கே போட்டுக்கொள்ளலாம். அதுவரை அந்தப் பக்கம் கடிக்காதீர்கள், கடைசி எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். அளவெடுத்து, லேப் செய்து, பொருத்திப் பார்த்துத் திருத்த ஒரு வாரம் முதல் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறும் நாளில் ஒட்டிய கிரௌன் உயரமாக இருந்தால் இங்கே வந்து தனிக் காசு கொடுத்துத் தேய்க்க வேண்டியிருக்கும். இம்பிளாண்ட், அதாவது எலும்பில் திருகு பதித்துச் செயற்கைப் பல் வைப்பது என்றால், ஊரில் செய்ய நான் சொல்ல மாட்டேன். திருகு எலும்பில் பிடிக்கவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், அதற்குள் இரண்டு பயணம். ஏற்கெனவே போட்டிருந்தால் அதன் பிராண்டு, அளவு எழுதிய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் திருகு தளர்ந்தால் அந்தப் பிராண்டுக்கு ஏற்ற கருவி இல்லாமல் இங்குள்ள மருத்துவரால் கைவைக்க முடியாது.

பிற்காலத்தில் நிரந்தரவாசம் கிடைத்தால் கணக்கு மாறும். பலதுறை மருந்தகத்தில் மானியம் உண்டு, ஹெல்த்ஹப் என்ற சுகாதாரச் செயலியில் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வழி நாள் எடுக்கலாம், அங்கே வாங்கும் பரிந்துரைக் கடிதத்தோடு தேசிய பல் மருத்துவ நிலையம் போனால் அங்கேயும் மானியம். கடிதம் இல்லாமல் நேரே போய்ப் பதிந்தால் தனியார் நோயாளிக் கட்டணம். பிறகு மாற்றிக்கொள்வது பாடு. மானியத்தில் போனால் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது, வரிசையும் நீளம்.

மசே நிதி என்ற கட்டாயச் சேமிப்பும் அப்போதுதான் தொடங்கும். அதில் மருத்துவத்துக்கென ஒதுக்கும் மெடிசேவை வைத்துப் பல் முழுக்கப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. பொதுவாக அறுவைக்கு மட்டுமே எடுக்கலாம்: ஈறை வெட்டி எடுக்கும் ஞானப் பல், இம்பிளாண்ட் திருகு பதிப்பது போன்றவை. ஸ்கேலிங், அடைப்பு, ரூட் கேனால், கிரௌன், பல் கம்பி எதற்கும் பொதுவாகக் கிடையாது. ஞானப் பல்லிலும் வெட்டாமல் சாதாரணமாகப் பிடுங்கினால் கிடையாது. இம்பிளாண்டின் மேல் வரும் கிரௌனுக்கும் கிடையாது. எந்த அறுவைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு உண்டு, மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரே நாளில் முடியும் அறுவையைப் பல நாளாகப் பிரித்துக் காட்டி அதிகம் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விவரம் நிரப்பாத அனுமதிப் படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: நாளைக் காலை எச்ஆரிடம் பல் சலுகை பற்றி மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். பேனல் இல்லையென்றால் ஈசூனிலும் ஊட்லண்ட்ஸிலும் இன்னும் இரண்டு கிளினிக்குக்குப் போன் செய்து, "கடைவாய்ப் பல், ரூட் கேனால், அடித்தளம், கிரௌன், எக்ஸ்ரே, வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரேயை முதல் கிளினிக்கிடம் கேட்டு வாங்கிக்கொண்டால் இரண்டாவது இடத்தில் அந்தக் காசு மிச்சமாகலாம். மருத்துவர் பெயரைச் சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், நிபுணர் என்று சொல்லிக் கட்டணம் வாங்குபவர் உண்மையில் நிபுணராகப் பதிந்தவர்தானா என்று அதில் தெரிந்துவிடும். இரண்டு வாரம் தாங்கிவிட்டீர்கள், வெள்ளிக்கிழமைக்குள் யாராவது ஒருவர் அந்தப் பல்லைத் திறந்து பார்த்துவிடட்டும்.