பாலைவனத்தில் மவுண்டன் பைக் ஓட்ட நண்பர்களோடு எங்கே போகலாம்?

அமெரிக்காவில் இருக்கும் ஆறு நண்பர்கள், அதில் பாதிப் பேருக்கு மவுண்டன் பைக், அதாவது கரடுமுரடான வழிகளில் ஓட்டும் சைக்கிள், அவ்வளவாகப் பழக்கமில்லை, எல்லோரும் சேர்ந்து பாலைவனம் போக ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். மோவாபுக்குப் போங்கள். யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றை ஒட்டி இருக்கும் சின்ன ஊர். டென்வரிலிருந்து ஏறக்குறைய 350 மைல்; காலையில் கிளம்பினால் மாலைக்குள் சாவகாசமாகப் போய்ச் சேரலாம். அங்கே எந்தத் தடத்தில் ஓட்டுவது என்பதில்தான் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு.

மோவாப் என்றதும் எல்லோரும் ஸ்லிக்ராக் தடத்தைச் சொல்வார்கள். 1969இல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகக் குறித்தது. ஒரு காலத்தில் மணல்மேடுகளாக இருந்து இறுகிப்போன பாறைகள். அவற்றின் மேல் வெள்ளை வண்ணத்தில் வழி போட்டிருப்பார்கள். உப்புத்தாளில் ஏறுவது போல டயர் பிடித்துக்கொண்டு ஏறும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம்தான். ஆனால் உங்கள் குழுவுக்கு வேண்டாம். தெரிந்தவர்கள் கண்ணுக்கு எட்டாமல் போய்விடுவார்கள், மற்றவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அதற்கு எதற்கு ஒன்றாகப் போக வேண்டும்?

நீங்கள் போக வேண்டியது ஒயிட் ரிம் சாலைக்கு. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் 100 மைல் சுற்று. 1950களில் யுரேனியம் தேடிப் போகிறவர்களுக்காக அமெரிக்க அணுசக்தி ஆணையம் போட்ட மண் சாலை. யுரேனியம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. நமக்குச் சாலை கிடைத்தது. ஷேஃபர் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால், உச்சி மேட்டுக்கு 1,200 அடி கீழே ஒரு வெள்ளைப் பாறைத் தளம் வரும். கெட்டியான அந்த வெள்ளைப் பாறைக்குக் கீழே இருப்பது மெத்தென்ற செம்பாறை. மேலே தொப்பி நிற்க, கீழே அரித்துக்கொண்டே போனதால் உண்டான தூண்களை மான்யுமென்ட் பேசினில் விளிம்பில் நின்று பார்க்கலாம். அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

மர்ஃபி ஹாக்பேக் மாதிரி இரண்டு மூன்று ஏற்றங்களைத் தவிர, ஓட்டுவதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. கூடவே நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியையும் கொண்டுபோங்கள். மூன்று இரவு, நான்கு நாள் என்று வைத்துக்கொண்டு, வண்டி ஓட்டுவதை முறை போட்டுக்கொள்ளுங்கள். களைத்தவர் சைக்கிளை வண்டியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் பின்தங்கிப் போவதில்லை. ராத்திரி எல்லோரும் ஒரே இடத்தில் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிறீர்கள். இதற்காகத்தான் இந்தச் சாலையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அந்த வண்டி இல்லாமல் முடியாததற்கு இன்னொரு காரணம் தண்ணீர். வழி நெடுகக் குடிதண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று போட்டாலே ஆறு பேருக்கு நான்கு நாளில் கிட்டத்தட்ட 100 லிட்டர், அதாவது 100 கிலோ. சமையலுக்கும் வெயிலுக்கும் சேர்த்து அதற்கு மேலேயே எடுங்கள். ஒரே பெரிய கேனில் வைக்காமல் நான்கைந்தாகப் பிரித்து வையுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். மதியத்துக்குள் சட்டை முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்துவிடும், அவ்வளவு போகிறது. முதல் நாளுக்குப் புளியோதரையும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொண்டு போங்கள். அந்த வெயிலில் வேறு எதுவும் அப்படி இறங்காது.

நெருஞ்சி முள்ளை மறந்துவிடாதீர்கள். நம் ஊரில் காலில் குத்துகிற அதே செடிதான், அங்கே ஊர்ப்புறங்களிலும் சாலையோரங்களிலும் படர்ந்து கிடக்கும். ட்யூப்லெஸ் டயரில் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், ஊற்றிக்கொண்டு போங்கள். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டையில் பால் நிறத்தில் நுரை தள்ளும். அந்த இடம் கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடைபட்டுவிடும்.

அப்புறம், சாலையை விட்டு மண்ணில் இறங்கவே இறங்காதீர்கள். கருப்பாக, மேடும் பள்ளமுமாக ஒரு மேலோடு தெரியும். நுண்ணுயிர்கள் மணலைப் பிணைத்து உண்டாக்கியது அது. மண் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஒரு டயர் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். படம் எடுப்பதற்காக அதன்மேல் ஏறி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும். கழிவும் அப்படித்தான், மனிதக் கழிவு உட்பட எதையும் அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது. மூடி போட்ட கழிப்பறைப் பெட்டியை வண்டியில் எடுத்துப் போக வேண்டும். விறகு மூட்டவும் அனுமதி இல்லை, கேஸ் அடுப்புதான்.

ஏப்ரலும் அக்டோபரும் நல்ல மாதங்கள். ஜூலையில் 38 டிகிரியைத் தொடும், நிழலும் கிடையாது. இரவு தங்குவதற்கு மட்டுமல்ல, ஒரே நாளில் ஓட்டிவிட்டு வருவதற்கும் பூங்காவின் முன்அனுமதி வேண்டும். வசந்த கால, இலையுதிர் கால இடங்கள் சீக்கிரமே தீர்ந்துபோகும். தேதியை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் லீவு கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் பக்கத்திலேயே டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்கா இருக்கிறது. அங்கே மேட்டு விளிம்பை ஒட்டிய இன்ட்ரெபிட் தடங்கள் புதியவர்களுக்கும் எளிது, முகாம் போடவும் இடம் உண்டு.