டையூவில் நிற்பது எந்தக் குக்ரி?

கேள்வி: என் பெரியப்பா 1971 போரில் ஐஎன்எஸ் குக்ரி கப்பலில் மாலுமியாக இருந்து கடலோடு போனவர். உடல் வரவில்லை. அப்பத்தா சாகும்வரை இரவுச் சோற்றில் ஒரு கை அவருக்கென்று சட்டியில் மிச்சம் வைப்பார். போன மாதம் டையூவுக்குப் போன என் தம்பி, குக்ரி கப்பலில் ஏறி நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். அப்படியானால் கப்பல் மூழ்கவே இல்லையா? எங்களுக்குச் சொன்னது பொய்யா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பொய் இல்லை அம்மா. தம்பி ஏறியது வேறு கப்பல். மூழ்கிய கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்குச் சூட்டுவது கடற்படை வழக்கம். டையூவில் நிற்கும் குக்ரி, மும்பை மசகான் கப்பல்தளத்தில் கட்டப்பட்டு 1989-இல் பணிக்கு வந்தது. 2021 டிசம்பரில் ஓய்வுபெற்றது. அதன்பிறகுதான் அருங்காட்சியகத்துக்காக டையூவுக்குக் கொடுத்தார்கள்.

பெரியப்பாவின் குக்ரி பிரிட்டனில் கட்டப்பட்டது. நீர்மூழ்கி வேட்டைக்கென்றே வந்த கப்பல். பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கியைத் தேடித்தான் குக்ரியும் கிர்பான் என்ற இன்னொரு இந்தியப் போர்க்கப்பலும் டையூவுக்கு அப்பால் போயின. 1971 டிசம்பர் 9, இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன் ஹங்கோரின் டார்பிடோ தாக்கியது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தம் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். மறுநாள் கச்சல் என்ற கப்பல் 67 பேரை மீட்டது.

உடல் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அப்பத்தாவின் சட்டி அதைத்தான் கேட்டிருக்கிறது. நான் பின்னாளில் இன்னொரு போர்க்கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்தவன். மாலுமிகள் உண்டு உறங்கும் இடம் கீழ்த்தளத்தில். மேலே வர நெட்டுக்குத்தாக ஓர் இரும்பு ஏணி, அதன் உச்சியில் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய துவாரம். விளக்கு எரியும்போதே முழங்கால் இடிக்கும். கப்பல் சாய்ந்து விளக்கும் அணைந்தால் அந்த ஏணி சுவரா தரையா என்றே தெரியாது. கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் கப்பலுக்குள்ளேயே இருக்கிறார்கள். அது இன்றும் அங்கேதான், டையூவிலிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தள்ளி, கடலடியில் கிடக்கிறது.

தம்பி மறுபடி டையூ போனால் சக்ரதீர்த்தக் கடற்கரைப் பக்கம் உள்ள மேட்டில் ஏறச் சொல்லுங்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் பழைய குக்ரியின் சிறு மாதிரி, கடலைப் பார்த்து நிற்கிறது. அதுதான் உங்கள் பெரியப்பாவின் கப்பல். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தின் கிரானைட் சுவர்களில் வீரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அங்கே பெரியப்பாவின் பெயரைத் தேடி, அதன்மேல் விரல் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.