ஏழு வயசுப் பிள்ளையின் முன்பல்லில் மரம் அரியிற வாள் மாதிரி மேடுகள்

மகளுக்குப் புதுசா முளைச்ச மேல்முன்பல்லின்ரை நுனி மூண்டு மேடாய், மரம் அரியிற வாள் மாதிரி இருக்கு, பல்லு உடைஞ்சு போச்சோ எண்டு கேட்டிருந்தியள். பயப்பிடாதேங்கோ, உடையேல்லை. பால்பல்லு விழுந்து வாற நிலையான முன்பல்லு அப்பிடித்தான் வரும்.

முன்பல்லின்ரை முன்பக்கம் மூண்டு மடலாய் வளந்துதான் ஒண்டாச் சேருது. அந்த மூண்டின்ரை நுனியைத்தான் நீங்கள் பாக்கிறியள். பிள்ளை பிறந்து 3, 4 மாதத்திலயே தாடைக்குள்ள இந்தப் பல்லுக்குச் சுண்ணாம்பு படியத் துவங்கீடும். வெளியில வர 7, 8 வயசாகும்.

என்ரை மகனுக்கும் இப்பிடித்தான் இருந்தது. கொய்யாக்காயைக் கடிச்சால் மூண்டு கோடு தெளிவா விழும். மேல்பல்லும் கீழ்பல்லும் உரசிக் கடிக்கக் கடிக்க, ரெண்டு மூண்டு வருசத்தில நுனி சமனாப் போச்சுது.

ஒருத்தற்றை சொல்லைக் கேட்டும் அரத்தால தேய்ச்சுப் போடாதேங்கோ! பல்லின்ரை மேல்பக்கத்துக் கடினமான படையான மிளிரியை உண்டாக்கிற கலங்கள் பல்லு முளைக்கேக்கையே அழிஞ்சிடும். தேய்ச்சது திரும்ப வராது.

ஒண்டை மட்டும் பாருங்கோ: வாயை மூடிக் கடிக்கேக்கை மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில இடைவெளி நிக்குதோ? நிண்டால் மேடு தேயாது. விரல் சூப்பிற பழக்கமும் இருந்தால் பல் வைத்தியரிட்டைக் காட்டுங்கோ.