கடல் எட்டாத ஊருக்கு வரும் தம்பிக்கு

அம்பாசமுத்திரத்திலிருந்து சாம்பியாவின் கிட்வே நகருக்குச் சுரங்க வேலையாக வரவிருக்கும் தம்பி, சம்பளம் போதுமா, வெயிலைத் தாங்க முடியுமா, வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம் என்பதால் ஜூன், ஜூலையில் ஸ்வெட்டர்தான் தேவைப்படும்.

சாமான்களை மட்டும் கப்பலில் அனுப்பாதீர்கள். திருநெல்வேலியில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் தூத்துக்குடியை எட்டிவிடும் நமக்குக் கடலின் அருமை தெரிவதில்லை. சாம்பியாவைச் சுற்றிலும் எட்டு நாடுகள்; கடற்கரை என்று ஓர் அடிகூடக் கிடையாது. இங்குள்ள கபிரி ம்போஷி என்ற ஊரிலிருந்து தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குச் செல்லும் தசாரா ரயில் பாதையே 1,860 கிலோமீட்டர். 1965-இல் தெற்கே உள்ள அண்டை நாடான ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு தன்னிச்சையாக விடுதலையை அறிவித்தபின் தெற்கு வழியை நம்ப முடியாமல் போனதால், சீனாவின் கடனுதவியோடு போடப்பட்ட பாதை அது. இன்றும் உப்பு முதல் டீசல் வரை எதை வாங்கினாலும் அந்தத் தூரத்துக்கான கூலியையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

மின்சாரக் கார்களுக்குச் செம்பு வேண்டியிருப்பதால் உலகமே இப்போது இந்தப் பக்கம் பார்க்கிறது. ஆப்பிரிக்காவில் காங்கோவுக்கு அடுத்தபடியாகச் செம்பு எடுக்கும் நாடு இதுவே. அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்துக்கு மேற்கே ஒரு ரயில் வழி அமைக்க அமெரிக்காவும் ஐரோப்பாவும் முனைந்திருக்கின்றன. படகுக்காக லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்த, போட்ஸ்வானா எல்லையிலுள்ள கசுங்குலாவில் 2021-இல் பாலமே திறந்துவிட்டார்கள். இத்தனை நடந்தும், இருபது ஆண்டுகள் இங்கே சம்பாதித்துவிட்டு இதைக் 'காடு' என்று சொல்லும் நம்மவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெம்பா மொழியில் பெரியவர்களிடம் 'முலி ஷானி' என்று மரியாதையாக நலம் விசாரிக்கக்கூட அவர்கள் கற்றுக்கொள்ளவில்லை. நான் ஆறே மாதத்தில் கற்றேன்.

2004-இல் நான் வந்தபோது, இருபது நாளில் வீட்டு வாசலில் இறக்கிவிடுவதாக ஒரு முகவர் சொன்னதை நம்பி மரப்பெட்டி ஒன்றை அனுப்பினேன். அது தான்சானியாவை ஒட்டிய நகோண்டே எல்லைச் சாவடியில், லாரி வரிசையில், மழைக்காலம் முழுவதும் கிடந்தது. பெட்டியைத் திறந்தபோது அம்மா பனையோலையில் பொதிந்து வைத்திருந்த உடன்குடிக் கருப்பட்டி இளகி, போர்வையின் மடிப்புகளில் எல்லாம் ஊறியிருந்தது. என் மனைவி அதைக் கரண்டியால் சுரண்டியெடுத்து, வெந்நீரில் கரைத்து வடிகட்டி, அன்று மாலை இருவருக்கும் காப்பி போட்டாள்.